பென்சில் எழுத்து

குலசேகரத்தில் எனக்கு வேலை
ரப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பது.
குமிழி, பட்டைத்தூள், பூஞ்சை,
புகைக்கூண்டில் கூடுதல் நின்ற கறுப்பு.
பார்த்து, சாக்பீஸால் எண் போடுவேன்.
மூன்றென்று தெரிந்ததை நாலென்று எழுதச்
சொல்லித் தந்தது முதலாளி ஸ்டீபன்சன்.
பால் வெட்டிக் காய்ச்சிக் கொண்டு வருகிறவர்கள்
ஷீட்டைப் பார்ப்பதில்லை,
என் விரலைத்தான் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால்
வேறொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பேன்.
கையில் வைத்து ஆடும் வீடியோ கேம்கள்.
நாற்பத்தொன்று இருக்கிறது அலமாரியில்.
"பிளாஸ்டிக்குக்குப் பூட்டு வேற" என்பார் வீட்டுக்காரர்.

நாற்பத்திரண்டாவது
தேங்காப்பட்டணம் க்ளீட்டஸ் வீட்டுப் பரணிலிருந்து.
கப்பலில் சமையல் செய்த சித்தப்பா
சிங்கப்பூரில் வாங்கி வந்ததாம்.
துப்பறியும் கதை.
மழை நிற்காத ஒரு துறைமுக ஓட்டல்,
காணாமல் போன முத்து மாலை,
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் பொய்.
பெட்டி இருந்தது, மூலை மடங்காமல்.
கையேடு இருந்தது.
எல்லோரும் முதலில் தொலைக்கிற
அந்த மாடிப்படி வரைபடத் தாளும் இருந்தது.
என் நெஞ்சு அடித்தது அவனுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"என்ன தருவிய அக்கா?"
மீன் ஏலத்தில் நிற்கிறவன், சாளைக்கும் நெய்மீனுக்கும்
கண்ணாலே விலை வைக்கிறவன்,
இதற்கு மட்டும் அவனிடம் தராசில்லை.
உதட்டைப் பிதுக்கினேன்.
பெட்டியைத் திருப்பி, இல்லாத கீறலைத் தடவி,
அறுநூறு என்றேன்.

உள்ளே பொத்தான் பாட்டரி இன்னும் சாகவில்லை.
சேமித்த ஆட்டம் அப்படியே கிடந்தது.
நாலாம் அத்தியாயம், பதினோரு மணி நாற்பது நிமிடம்,
டாக்டர் மேல் குற்றம் சாட்டியது பத்தொன்பது முறை.
பத்தொன்பது முறையும் இன்ஸ்பெக்டர்
சாட்சி போதாதென்று
நீளமான அந்த வராந்தாவுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில்
தாள் குழியும்படி அழுத்தி, பென்சிலில்:
கள்ளன் டாக்டர்.

பெங்களூர்க்காரர் ஒருவர் பதினான்காயிரம் சொன்னார்.
எழுத்து இருந்தால் பன்னிரண்டு.
இரண்டாயிரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு அழிரப்பர்.
தினம் முந்நூறு கிலோ என் கையில் புரளுகிறது,
ஒரு துண்டுக்கா பஞ்சம்?

அழிக்குமுன் ஆடிப் பார்த்தேன். ஒன்பது ராத்திரி.
டாக்டர் இல்லை.
அவர் மறைத்தது வேறு, யாரோ எழுதிய ஒரு கடிதம்.
மாலையை எடுத்தது
முதல் காட்சியில் ஓரமாக வந்து, முத்தைக் கண்ணாடியில் பார்த்து,
"போலி, ஒன்றும் பெறாது" என்று
சொல்லிப் போன விலை மதிப்பீட்டுக்காரர்.
பாதிக் காட்சியில் கருவியை அணைத்துவிட்டேன்.
கரண்டு போனதாக
வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாட்டரியில் ஓடுவது அது.

கருங்கல் பஸ் ஸ்டாண்டில் க்ளீட்டஸ்.
காலடியில் ஐஸ் பெட்டி, சட்டையில் செதில்.
விலையைப் பற்றிக் கேட்பான் என்று
இரண்டு பதில் தயாராக வைத்திருந்தேன்.
"அக்கா, முடிச்சியளா? கள்ளன் யாரு?"

"டாக்டர்தான்."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா!
ஒருத்தனும் நம்பல்ல!"
சிரித்து, இன்னும் சிரித்து,
சாயாவும் ரசவடையும் வாங்கித் தந்தான்.
காசு நான் கொடுக்கக் கூடாதாம்.
வடை தொண்டையில் நின்றது, சாயா சுட்டது,
களியக்காவிளை பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

அழிரப்பர் மேசையில் கிடக்கிறது.
பெங்களூர்க்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார்.

இன்றைக்கு மழை. களியலிலிருந்து ஒருத்தி
பாலித்தீனில் சுற்றி எட்டு ஷீட் கொண்டு வந்தாள்.
முதல் ஷீட்டை ஜன்னல் பக்கம் தூக்கினேன்.
தேன் நிறம். ஒரு குமிழி இல்லை.
ஸ்டீபன்சன் தொண்டையைச் செருமினார்.
சாக்பீஸ் ஈரமாகிக்கொண்டிருக்கிறது,
அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
என் விரலை.