அறுபது ஹெர்ட்ஸ்

ஜுபைல். நைட் ஷிஃப்ட் இல்லாத வியாழன்.
மேல்கட்டிலில் பெர்க்மான்ஸின் குறட்டை.
கீழே நான், மடியில் கிட்டார்,
செருப்பளவுப் பெட்டிக்குள் நாற்பத்தோரு ஆம்ப்ளிஃபயர்.
ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

கெயின் ஏழில் முதலாவது:
தகரக் கூரையில் ஜல்லி கொட்டுகிறது.
அடுத்தது சேறு.
அதற்கடுத்தது வெறும் எரிச்சல்,
மிட்டைக் கூட்டினால் தொண்டை திறக்கிறது.
பதினேழாவதில்
தடித்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தேன்.
பிளான்ட்டில் கம்ப்ரசர் ஹவுஸ் கதவைத் திறந்தாற்போல
நெஞ்சுக்கூடு பின்னால் போனது.

ஹெட்ஃபோனைக் கழற்றினால்
அறையில் டிக் டிக்கென்று ஒல்லிச் சத்தம்,
யாரோ நகம் வெட்டுகிற மாதிரி.
இவ்வளவுதானா?

மறுபடி மாட்டினேன்.
வாசிக்காதபோது வரும் இரைச்சலை
நாய்ஸ் கேட் வெட்டிவிடும்.
பகலில் பிரஷர் டிரான்ஸ்மிட்டருக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்:
இந்த அளவுக்குக் கீழே உள்ளதெல்லாம்
பூஜ்யம் என்று சொல்லிக்கொடுப்பது.
இன்று அணைத்துப் பார்த்தேன்.

உறுமிக்கொண்டு வந்தது
சுவருக்குள் ஓடும் கரண்ட்,
ஏசி, பெர்க்மான்ஸின் சார்ஜர்,
எல்லாம் ஒரே சுருதியில்.
நாகர்கோவிலில் ஐம்பது ஹெர்ட்ஸ், இங்கே அறுபது.
மூன்று ஃபிரெட் மேலே, அதற்கும் ஒரு மயிரிழை கூட.
ஆறு வருஷம் இதற்குள் தூங்கியிருக்கிறேன்,
சுருதி கேட்டதில்லை.

கம்பியை அதன் அளவுக்கு இறக்கினேன்.
தொளதொளத்துக் கட்டையில் மோதியது.
கெயின் பத்து.
அடித்தேன், சுவரும் நானும் சேர்ந்து.

மேலிருந்து பெர்க்மான்ஸ், கண்ணைத் திறக்காமல்:
“லேய், ஏசி என்ன
கட்டிலுக்கடியிலயா ஓடுது?”