நடுப்பட்டை

ஒரு முழத்துக்கும் குறைவான பலகை.
எங்க்ஹாய்சன் துறைமுகம், மதிய வெளிச்சம்.
வரைந்தவன் பெயர் எழுதவில்லை.
சுங்கச்சாவடியின் நெற்றியில் சிங்கம்.
சிங்கத்தைக் கண்டிராத கை
பக்கத்து வீட்டு நாயின் முகத்தை வைத்திருக்கிறது.
நாட்டைக் காக்கும் மிருகம்
யாராவது எலும்பு போடுவார்களா என்று பார்க்கிறது.
அதன் கீழே கேடயத்தில் மூன்று ஹெர்ரிங் மீன்கள், ஊர்ச் சின்னம்.
அவற்றில் ஒரு தப்பும் இல்லை, செவுள் உட்பட.

பஞ்சைக் குச்சியில் சுற்றி
எச்சில் தொட்டுத் துடைக்கிறேன்.
எங்கள் தொழிலில் இதற்குக் கூச்சமில்லை.
முந்நூறு வருட அடுப்புப் புகைக்கு
வாய்நீரைவிட மென்மையான மருந்து
இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மீன் கிடங்கின் மாடி ஜன்னலில்
கழியில் கட்டிய கொடி:
மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, அடியில் நீலம்.
சிவப்பு வெடித்த இடத்தில்
நகக்கண் அளவு ஆரஞ்சு.

இளவரசர் வேண்டியிருந்தபோது அது.
வேண்டாமென்று ஆனபோது இது.
விற்கும் முன் யாரோ அரைமணி நேரம் செலவழித்திருக்கிறார்கள்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் வித்தை
வடகடல் ஓரத்திலும் உண்டு.

டெர்ப்ஸ்ட்ரா கதவிடுக்கில் தலையை நீட்டுகிறார்.
“வெள்ளிக்கிழமை திறப்பு, யோரிண்டே.
எந்த நிறத்தை வைத்துக்கொள்ளப் போகிறோம்?”
வெளியே அரசர் தினத்துக்குத் தோரணம் கட்டுகிறார்கள்.
ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சு கேக்,
சைக்கிள் கூடையில் உட்கார்ந்திருக்கும் நாய்க்கும்
கழுத்தில் ஆரஞ்சுத் துண்டு.
சுங்கச்சாவடிச் சிங்கத்தின் அதே முகம்.

அகச்சிவப்புக் கேமராவை நகர்த்தி வைத்தேன்.
திரையில் கொடி இல்லை.
ஈரக் கனத்தில் நடுவே தொய்ந்த
ஒரு படுக்கை விரிப்பு.
மூலையில் சதுரமாய் ஒட்டுத்துணி.
அதை உதறிப் பிடித்த முழங்கை ஒன்று,
ஆள் ஜன்னலுக்கு உள்ளே.

முழங்கையின்மேல் நீலம் பூசிவிட்டார்கள்.
மேல்விளிம்பில் முதலில் ஆரஞ்சு, பிறகு சிவப்பு.
வெள்ளைக்கு யாரும் செலவழிக்கவில்லை.
இருந்ததே போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

உருப்பெருக்கியில் மறுபடி பார்த்தேன்.
ஒட்டுத்துணியின் தையல் ஒன்று, இரண்டு...
ஏழு புள்ளி தெரிகிறது,
எட்டாவது நீலத்துக்குள் போய்விட்டது.

அறிக்கையில் எழுதினேன்:
நடுப்பட்டை, அசல். துவைத்த துணி. காயவில்லை.

டெர்ப்ஸ்ட்ரா மறுபடியும் கேட்கிறார்.
நாக்கின்மேல் அடுத்த பஞ்சு இருக்கிறது,
வாய் திறக்க முடியவில்லை.