பல்லிடுக்கு

ஆறு மாதத்துக்கு முன்
என் பட்டியில் மூன்று ஆடு போனபோது
வால்டோர் முச்சந்தியில் நின்று
முதலில் கத்தியவன் நான்தான்.
கோழிக்குடலில் மருந்து வைக்கலாம் என்றவன் நான்.
பாவம், வாயில்லாச் சீவன் என்று இழுத்த நாகையாவை
உன் ஆட்டைக் கடிச்சாத் தெரியும் என்றவனும் நான்.

நாய் பசிக்குக் கடிப்பதில்லை.
தின்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.
தொடையில் ஒரு கிழிசல், காதில் ஒரு பிய்ச்சல்,
உடனே அடுத்த ஆட்டின் மேல் தாவல்.
ஓடுகிறதே என்று துரத்துவது,
துரத்துகிறதே என்று ஓடுவது.
விடிந்து போய்ப் பார்த்தால்
செத்ததைப் பார்த்துவிடலாம்,
சாகாமல் நிற்பதைத்தான் பார்க்க முடியாது.

வைத்தோம்.
செம்பனைக்குள் ஏழு நாய் கிடந்தன.
ஒன்று ஆ ஹெங்கின் கோழிப்பண்ணை நாய்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
அதற்குப் பிறகு எனக்கு முட்டை கடன் இல்லை,
அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
ஐந்து மணிக்குப் பின்கதவைத் திறந்தால்
குழாயடியில் கோப்பி படுத்திருக்கிறது.
(கோப்பி நிறம், அதனால் கோப்பி.
ஜாவி சந்தையில் பெட்டிக்குள் கிடந்ததை
மகள்தான் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தாள்.
இப்போது பாயான் லெப்பாஸில் அவளுக்கு இரவு ஷிப்டு.
போன் போட்டால்
அப்பன் நலம் இரண்டாவதாகத்தான் வரும்.)
வாலை ஆட்டியது.
கழுத்தெல்லாம் சேறு.
கொட்டாவி விட்டபோது
கோரைப்பல் இடுக்கில்
ஒரு கற்றை வெள்ளை ரோமம்.

பட்டிக்கு ஓடி எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன். பதினொன்றேதான்.
சரியாக இருந்ததுதான் வயிற்றைக் கலக்கியது.
என் ஆடுகளில் வெள்ளை கிடையாது.

குழாயைத் திறந்தேன்.
தாடையை இடுக்கிப் பிடித்து விரலை விட்டேன்.
கடிக்கவில்லை.
பல் விளக்கிவிடச் சொல்லி நிற்கும் பிள்ளைபோல
கண்ணை மூடிக்கொண்டது.
ரோமம் வந்தது.
கூடவே வந்ததைப் பார்க்காமல்
சாக்கடையில் விட்டேன்.

எட்டு மணிக்கு நாகையா.
கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.
நான்கு ஆடு, ஒன்று சினை என்றான்.
கிடா ஜம்னாபாரி,
பாக் ரம்லி கொர்பானுக்கு முன்பணம் கொடுத்து வைத்தது.
வீடு வீடாக நாய்களின் வாயைப் பார்க்கிறானாம்,
கையில் டார்ச் லைட்.
பாக் ரம்லி பத்தடி தள்ளி
மோட்டாரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்.
நாயைத் தொடமாட்டார். கண் மட்டும் இறங்கி வந்தது.

கோப்பி தானாகவே வாயைக் காட்டியது.
இன்று இரண்டாம் முறை அல்லவா.

"சுத்தமா இருக்கு" என்றான் நாகையா.
"ரொம்பச் சுத்தம்" என்றார் பாக் ரம்லி மலாயில்.

மோட்டார் கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.

"அந்த மருந்து மிச்சம் இருக்கா?"
இருந்தது.
கொட்டகைப் பலகை மேல், பால்டின்னுக்குப் பின்னால்.
எடுத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு நாலெட்டு நடந்தவன்
திரும்பாமலே சொன்னான்:
"ராத்திரிக்கு வைக்கிறேன்.
உன் நாயைக் கட்டிப் போடு."

பொழுது சாய
இரண்டு பெட்டையை ஓட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.
எனக்குத் தீவனம் கட்டவில்லை,
நீ வச்சுக்க என்றேன்.
அவன் குனிந்து
ஒவ்வொன்றின் உதட்டையும் விலக்கிப் பல்லைப் பார்த்தான்.
வயது பார்ப்பதற்குத்தான்.
எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.
பிறகு கயிற்றை வாங்கும்போது
என் விரல்களையும் பார்த்தான்.

நிபோங் திபாலில் வாங்கிய புதுச் சங்கிலி
பன்னிரண்டு ரிங்கிட்.
இப்போது மணி இரண்டு.
செம்பனைக்குள் எதுவோ ஒருமுறை குரைத்து நிறுத்துகிறது.
கோப்பி எழுந்து நிற்கிறது,
சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில்.
பதிலுக்குக் குரைக்கவில்லை.
காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருக்கிறது.

நானும்.