பதினோராவது நிமிடம்

இரண்டாம் பாகத்தில், பதினோராவது நிமிடத்தில்
செத்துப்போனவள் லொரெட்டா வோய்ட்டெக்.
இப்போது ஒஹையோவில், பல் மருத்துவர் ஒருவரிடம்
பில் போடுகிறாள்.

நாற்பதாம் ஆண்டு ஆவணப்படம்.
காலரில் மைக்கைக் குத்தும்போது
பழைய ஒலிப்பதிவாளர் போகிறபோக்கில் சொல்கிறார்:
"உன் அலறலைத்தான்
ஒன்பதாம் பாகம்வரை எல்லோருக்கும் போட்டோம்.
மற்ற பெண்களுக்குச் சரியாக வரவில்லை."

படகுத்துறையில், சோளக்காட்டில், லிஃப்டில்
இருபத்தாறு பேர்
அவள் தொண்டையால் செத்திருக்கிறார்கள்.
சம்பளம் முந்நூறு டாலர், மதியச் சாப்பாடு.

முகமூடி போட்டிருந்த ட்வேய்ன்
முட்டிக்கு ஐஸ் வைத்தபடி சிரிக்கிறார்:
"அன்று நான் கோடரியை ஓங்கவேயில்லை.
ஏரித்தண்ணீர் அப்படி ஒரு சில்லிப்பு."

"இப்போது ஒருமுறை?" கேட்கிறார் இயக்குநர்.
வாயைத் திறக்கிறாள்.
இருமல்தான் வருகிறது.

அதையும் பதிவுசெய்து வைத்துக்கொண்டார்கள்.
பத்தாம் பாகம் வருகிறதாம்.