எச் டி ஈ 23

ஆரியங்காவு எடைமேடைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் காயும் கொட்டகையில்
தார்ப்பாயை விலக்கினாள் கொச்சுத்திரேசியா.
சிவப்பு வண்டி. இரண்டு பேருக்குத்தான் இடம்.
பின்சீட்டே இல்லாத காரை நம்பி
எங்கள் கடையநல்லூரில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்:
"சீமைக் கார், சிவப்பு, அது போதும்.
நம்பர் ஒத்துப்போகுதான்னு மட்டும் பாரு மசூது."

பானெட்டைத் தூக்கினேன்.
ஒரு பல்லி. இரண்டு முட்டை.
எஞ்சினுக்குப் பின்னால் தகரச்சுவரில்
உள்ளங்கையளவு பித்தளைத் தகடு.
மண்ணெண்ணெய், பனியன் துணி, கடைசியில் எச்சில்.
தாளை அமுக்கி, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன்.
தென்காசி ஆர்.டி.ஓ. வாசலில்
இருபத்தொரு வருஷமாக எனக்கு இதுதான் சோறு.
கறுப்புக்குள்ளிருந்து
வெள்ளையாக எழும்பின எழுத்துகள்.

எச், வண்டியின் குலம்.
டி, திறந்த கூரை, மழைக்கு மடக்குத்துணி.
ஈ, நிறம்.

ஈ என்றால் பச்சை.
இன்னொரு தாளில் தேய்த்தேன்.
பச்சையேதான்.

இரண்டு, வலப்பக்க ஸ்டியரிங், கடல் கடக்க.
மூன்று, பெயிண்டின் ரகம்.

சொன்னேன். கோபப்படவில்லை அவள்.
கதவுக் கீல் ஓரம் நகத்தால் சுரண்டினாள்.
சிவப்பு உதிர்ந்தது, சாம்பல் உதிர்ந்தது,
அதற்கும் அடியில்
கொடியில் பழுக்காத மிளகின் பச்சை.
"எங்கப்பச்சனுக்குச் செங்கொடியைக் கண்டாலே ஆகாது.
பின்னே யாரு இதை அடிச்சது?"

அதோடு முடிந்திருக்கலாம்.
ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டுத் தொலைத்தேன்.
தகட்டில் 14083.
புத்தகத்தில் 14033.
கொல்லத்தில் எந்தக் குமாஸ்தாவோ
எட்டில் பாதியைப் பார்த்து மூன்று போட்டிருக்கிறார்.
அறுபது வருஷம் வரி கட்டியது,
இன்சூரன்ஸ் கட்டியது எல்லாம்
ஐம்பது வண்டிக்கு முன்னால் பிறந்து
எந்தத் தேசத்திலோ துருப்பிடித்த இன்னொன்றுக்கு.

சிரிப்பதற்கில்லை.
ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் ஒன்றில்தான்
நானும் பிறந்திருக்கிறேன்.

போனில் கோயம்புத்தூர்க்காரர்
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார்.
"ஒரு தட்டு தட்டினா
எட்டு மூணாயிடும்ல?"

ஆகும்.
லாரிகளுக்கு ஆக்கியிருக்கிறேன், மறைக்கவில்லை.
பையில் உளியும் இருந்தது.
கொச்சுத்திரேசியா என்னைப் பார்க்கவில்லை,
உரிந்த இடத்தில் பச்சையை
இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டிருந்தாள்.
"சிக்னல் கட்டாகுது சார்" என்றேன்.
கேரளத்து டவர், முழுசாக நாலு கோடு.

பல்லி முட்டையில் படாமல் பானெட்டை இறக்கினேன்.
தேய்த்த தாளை அவள்
எடைச்சீட்டுக் கம்பியில் குத்தி வைத்தாள்,
நேந்திரங்காய் லோடுக்கும் சிமெண்டுக்கும் நடுவே.

கோட்டைவாசல் தாண்டியதும் சாரல்.
சில்லறை நீட்டிய என் கட்டைவிரலைப் பார்த்து
செங்கோட்டை பஸ் கண்டக்டர் கேட்டார்:
"என்ன பாய், அங்கே எலெக்சனா?"