ஒரு நிமிடம், ஒரு ரியால்

ரூவியில், தையற்கடைக்கு மேலே
இரண்டாம் மாடி, இடதுபக்கக் கதவு.
'நீலவாசல் மீடியா' என்று பலகை எழுதியவன்
ஒரு துணைக்காலை விட்டுவிட்டதால்
முதல் மாதம் முழுக்க 'நீலவசல்' ஆனோம்.
பெனிட்டோ மார்க்கரால் அந்தக் காலைப் போட்டான்.
எங்கள் முதல் எடிட்டிங் அதுதான்.

கேமரா தவணையில்.
லென்ஸ் இரண்டு, ஒன்றில் பூஞ்சை.
டிரைபாடின் மூன்றாம் கால்
பிளாஸ்திரி சுற்றி நிற்கிறது.
ஐந்நூறு விசிட்டிங் கார்டு அடித்து
சலூன் கண்ணாடி இடுக்கில், மளிகைக்கடைக் கல்லாவில்,
பல் டாக்டரின் காத்திருப்பு நாற்காலிகளில்
விதைத்துவிட்டு வந்தோம்.
முளைத்த முதல் அழைப்பு:
"தம்பி, பாஸ்போர்ட் போட்டோ எவ்வளவு?"

பிறகு ஹிதாயத்துல்லா வந்தார்.
புது உணவகம், ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.
"கூட்டமாக் காட்டணும். திருவிழாக் கூட்டம்."
வாதி கபீர் கேம்ப்பிலிருந்து
இருபத்திரண்டு பேரை வேனில் ஏற்றி வந்தோம்.
சம்பளம் ஒரு தட்டு பிரியாணி.
சாப்பிடுவதுபோல் நடிக்கச் சொன்னோம்.
அவர்கள் சாப்பிட்டார்கள்.
"கேமராவைப் பாக்காதீங்க" என்று கத்தினான் பெனிட்டோ.
தட்டைவிட்டுக் கண்ணை எடுத்தால்தானே.

விளம்பரம் நன்றாக வந்தது.
உணவகத்தை நாற்பதாம் நாள் மூடினார்.
பாதிப் பணம் தந்தார், மீதிக்கு
இரண்டு மேசை மின்விசிறி. நல்ல மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை கோடியப்பன் வந்தார்.
மூன்றாம் மேசை, எலும்பை உறிஞ்சியவர்.
"நான் வர்ற துண்டு மட்டும் வெட்டித் தருவீங்களா?
அப்பா அங்க என்ன சாப்புடுறாருன்னு
பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு."
நான்கு நொடி. காசு வேண்டாம் என்றேன்.
அவர் ஒரு ரியாலை மேசையில் வைத்து
விசிறிக் காற்றில் பறக்காதபடி
அதன்மேல் ஸ்டாப்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளி ஏழு பேர்.
அதற்கடுத்து மாடிப்படி முழுக்கச் செருப்பு.
பிறந்தநாள் வாழ்த்து, மச்சினன் கல்யாணம்,
பார்க்காத குழந்தைக்குப் பெயர் சொல்லி அழைப்பது.
மாமனாரிடம் மன்னிப்பு ஒன்று, எட்டு டேக்.

எல்லார் கையிலும்தான் போன் இருக்கிறதே என்று
ஒருவரிடம் கேட்டேன்.
"போன்ல எடுத்தா
நான் இருக்குற எடம் தெரியுது சார்."

ஆகவே பச்சைத் துணி வாங்கினோம்.
மத்ரா கடற்கரையில் ஒரு சாயங்காலம் எடுத்த அலை
இதுவரை நூற்றுப்பத்து முதுகுகளுக்குப் பின்னால் அடித்துவிட்டது.
ஒரே படகு, ஒரே கடற்பறவை.
கயத்தாற்றில் ஒரு வீட்டிலும்
முதுகுளத்தூரில் ஒரு வீட்டிலும்
அது இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருக்கும்.
யாரும் இன்னும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கோடியப்பன் மறுபடி வந்தபோது
ஊன்றுகோல் படியில் ஒலித்தது.
"இடுப்புக்கு மேல எடுங்க."
எடுத்தேன். ஃப்ரேமுக்கு வெளியே
கட்டுப்போட்ட கால்கள் இரண்டு:
அவருடையது, டிரைபாடுடையது.

மாதக் கடைசியில் அர்பாப் சயீத்.
லைசென்ஸ் புதுப்பிக்கக் கையெழுத்து,
நான்கு மாத வாடகை பாக்கி.
வரவு நோட்டைப் புரட்டினார்.
ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.
"இது என்ன?"
விளக்கினோம், எங்களுக்குத் தெரிந்த அரபியில்.
குல்லாவைக் கழற்றித் திரும்ப வைத்தார்.
மலேசியாவில் படிக்கும் மகன் போனை எடுப்பதில்லை.
"ஒரு நிமிடம்தானே?"

முதல் இரண்டு டேக்கில் அதட்டினார்.
மூன்றாவதில் பேசினார்.
எனக்குப் பாதிதான் புரிந்தது.
பெனிட்டோ ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

பின்னால் என்ன வைக்க என்று கேட்டேன்.
அவர் வீடே கடலோரம்தான்.
ஆனாலும் எங்கள் கடலைத் திரையில் பார்த்து
"இது சுத்தமாக இருக்கிறது" என்றார்.

ஒரு ரியாலை எடுத்து
ஸ்டாப்ளருக்கு அடியில் செருகினார்.
பிறகு
வாடகையைக் கேட்டார்.