ஜூன் மாதத்துக்காரிக்கு

புதன்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர்.
தோர்ஷவ்ன் துறைமுகத்தில்
மீன் கிடங்குக்கு மேலே ஓர் அறை.
ஹீட்டர் உறுமும். காப்பி ஆறிப்போயிருக்கும்.
"கையை நெஞ்சின்மேல் வையுங்கள்" என்பார் தூரிட்.
வைத்தேன்.
லித்தியத்தில் நடுங்கும் கை
யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.
திறக்கவில்லை.

"உங்கள் தோழிக்கு இப்படி ஆகியிருந்தால்
என்ன சொல்வீர்களோ, அதை எழுதுங்கள்."
முதல் வாரம் தாளில் தேதி மட்டும்.
அடுத்த வாரம் ஒரு மீன் வரைந்தேன்.
மூன்றாம் வாரம்:

அவள் பதினோரு இரவு தூங்கவில்லை.
முழுதாக இருட்டாத ஜூன் வானம் சாட்சி.
தம்பி கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில்
பெயின்ட் வாங்கினாள், நாற்பது டப்பா.
அதிகாலை மூன்று மணிக்கு
கரையேற்றி வைத்திருந்த ஹென்னிங்கின் கறுப்புப் படகை
மஞ்சளாக்கினாள்.
துடுப்பையும் விடவில்லை, நங்கூரக் கயிற்றையும்;
கடற்புறா ஒன்று மஞ்சள் வாலோடு தப்பியது.
பாடிப் பாடித் தெருவையே எழுப்பினாள்.
அக்டோபரில்
பல் துலக்காமல் பத்தொன்பது நாள் கிடந்தாள்.

தூரிட் ஒன்றும் சொல்லவில்லை.
பேருந்து ஓட்டும் பியார்ட்டிதான்
(அவனுக்கும் இதே ஏற்றம், இதே பள்ளம்)
எட்டிப் பார்த்துக் கேட்டான்:
"கிடந்தாளே, அவளுக்கு
யாராவது சூப் கொடுத்தார்களா?"

"நான் கொடுக்கவில்லை" என்றேன்.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

அன்றிரவு வேறெதையும் திருத்தவில்லை,
வினைகளின் வாலை மட்டும்.
வாங்கினேன்.
மஞ்சளாக்கினேன்.
கிடந்தேன்.
ஒவ்வொன்றும் நாக்கில் மாத்திரைபோல் உலோகம் கசந்தது.
கீழே சேர்த்தேன்:

ஜூன் மாதத்துக்காரியே,
நீ திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.
வங்கி அட்டை தம்பியிடம் இருக்கிறது, கோபிக்காதே.
ஜன்னலுக்குத் தடித்த திரை தைத்திருக்கிறேன்;
தையல் கோணல்தான், வெளிச்சம் வராது.
அக்டோபர்காரிக்கு
ஃப்ரீஸரில் ஆட்டுக்கறி சூப், எட்டு டப்பா.
பல் துலக்காவிட்டாலும் சாப்பிடலாம்.

ஹென்னிங் மன்னிக்கவில்லை.
படகை மறுபடி கறுப்பாக்கிவிட்டார்.
அலை தூக்கும்போது மட்டும்
அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள்.
இத்தனை நாள் சுற்றுவழியில் போவேன்.
இன்று நின்று பார்த்தேன்.
அந்த அவசரத்திலும்
விளிம்பு பிசகாமல் பூசியிருக்கிறேன்.

காற்று அடித்தது. கை நடுங்கியது.
எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்,
குளிருமே என்று.